பெருந்தமனி வீக்கச் சீரமைப்பு

பெருந்தமனி வீக்கச் சீரமைப்பு என்பது, இதயத்திலிருந்து உடல் முழுவதற்கும் குருதியைக் கொண்டுசெல்லும் பெருந்தமனியின் சுவர் நலிவுற்றுப் புடைக்கும்போது, அது வெடித்துவிடாமல் தடுப்பதற்காகச் செய்யப்படும் சிகிச்சை ஆகும். இப்புடைப்பு மருத்துவத்தில் அனியூரிசம் எனப்படுகின்றது. இதனைச் சீரமைக்க இன்று இரண்டு முறைகள் வழக்கத்தில் உள்ளன. வயிற்றையோ நெஞ்சையோ திறந்து, புடைத்த பகுதிக்கு மாற்றாகச் செயற்கைக் குழாயைத் தைத்துப் பொருத்துவது திறந்த அறுவைச் சிகிச்சை ஆகும். தொடை இடுக்கில் உள்ள தமனி வழியாக ஒரு துணிக்குழாயை உள்ளே செலுத்தி, புடைப்பின் உட்புறத்தில் விரியச் செய்வது குருதிக்குழாய்வழிச் சீரமைப்பு ஆகும். இரண்டாவது முறையில் உடனடி இடர் குறைவு. முதலாவது முறையில் கிடைக்கும் பயன் நீடித்தது. எனவே எல்லா நோயாளிகளுக்கும் ஒரே முறை பொருந்துவதில்லை.

## பெருந்தமனியும் புடைப்பும்

பெருந்தமனி உடலின் மிகப் பெரிய தமனி ஆகும். இது இதயத்தின் இடது கீழறையிலிருந்து தொடங்கி மேலேறி, வளைந்து, நெஞ்சின் பின்புறமாகக் கீழிறங்கி, உதரவிதானத்தைக் கடந்து வயிற்றுக்குள் வருகின்றது. தொப்புளின் மட்டத்திற்கு அருகில் இரண்டாகப் பிரிந்து இரு கால்களுக்கும் செல்கின்றது. வயிற்றுப் பகுதியில் இதன் விட்டம் ஏறத்தாழ 2 செ.மீ. இருக்கும். அது 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்தால் வீக்கம் எனக் கொள்ளப்படுகின்றது. பெரும்பாலான வீக்கங்கள் வயிற்றில், சிறுநீரகத் தமனிகள் பிரியும் இடத்திற்குக் கீழே உண்டாகின்றன.

புடைப்பு ஏன் தானாக நின்றுவிடாமல் வளர்கின்றது என்பதை எளிய இயற்பியலால் விளக்கலாம். உள்ளே அழுத்தம் உள்ள ஒரு குழாயின் சுவர் தாங்கும் தகைவு, அழுத்தத்தையும் ஆரத்தையும் பெருக்கிச் சுவரின் தடிப்பால் வகுத்தால் கிடைக்கும் அளவாகும். குருதி அழுத்தம் மாறாதிருக்க, விட்டம் 2 செ.மீ. இலிருந்து 6 செ.மீ. ஆனால் தகைவு மூன்று மடங்காகின்றது. விரியும்போது சுவர் மெலிவதால் உண்மையில் அது மூன்று மடங்கையும் மிஞ்சும். மிதிவண்டியின் பழைய டயூப்பில் ஓரிடம் புடைத்துவிட்டால், அடுத்தடுத்துக் காற்றடிக்கும்போது அந்த இடமே மேலும் புடைப்பதைப் பார்த்திருக்கலாம். பெருந்தமனியில் நிகழ்வதும் அதுவே. வேறுபாடு என்னவெனில், இங்கு இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை துடித்து அழுத்தத்தைச் செலுத்துகின்றது.

## காரணங்கள்

* புகைபிடித்தல். வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்திற்கு மிக வலுவான காரணி இதுவே. சிகரெட்டு, பீடி ஆகிய இரண்டின் புகையும் தீங்கானதே.
* முதுமை. 60 வயதைக் கடந்தவர்களிடம் மிகுதியாகக் காணப்படுகின்றது. பெண்களை விட ஆண்களிடம் பல மடங்கு அதிகம்.
* உயர் குருதி அழுத்தமும் தமனித் தடிப்பும்.
* மரபு. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தால் இடர் கூடும்.
* மார்பன் நோய்த்தொகை முதலிய இணைப்பிழைய நோய்கள். இவற்றில் இளம் வயதிலேயே நெஞ்சுப் பகுதியில் வீக்கம் தோன்றலாம்.
* தமனிச் சுவர் அழற்சி. சப்பானிய கண் மருத்துவர் மிக்கிட்டோ தக்கயாசு 1908 இல் விவரித்த தக்கயாசு நோய், இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் இளம் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றது. இதனாலும் வீக்கம் உண்டாகலாம்.

நீரிழிவு நோய் மாரடைப்புக்கு முதன்மைக் காரணிகளுள் ஒன்றாக இருந்தும், வயிற்றுப் பெருந்தமனி வீக்கம் நீரிழிவு உள்ளவர்களிடம் ஒப்பீட்டளவில் குறைவாகவே காணப்படுவது குறிப்பிடத்தக்கது.

## அறிகுறிகள்

பெரும்பாலான வீக்கங்கள் எவ்வித அறிகுறியையும் தருவதில்லை. வேறு ஏதோ காரணத்திற்காக வயிற்றை மீயொலி வருடல் (ஸ்கேன்) செய்யும்போது தற்செயலாகவே பல கண்டறியப்படுகின்றன. மெலிந்த உடல்வாகு உள்ளவர்கள் சிலர், படுத்திருக்கும்போது தொப்புளுக்கு மேல் ஏதோ துடிப்பதாக உணர்வர்.

வெடிக்கும்போது வயிற்றிலோ முதுகிலோ திடீரெனக் கடும் வலி, மயக்கம், வியர்வை, குருதி அழுத்த வீழ்ச்சி ஆகியவை தோன்றும். இவ்வலி சிறுநீரகக் கல் வலியாகவோ முதுகெலும்புச் சிக்கலாகவோ தவறாகக் கருதப்படுவது உண்டு. 60 வயதைக் கடந்த, புகைப்பழக்கம் உள்ள ஒருவருக்கு வாழ்நாளில் முதல் முறையாக இத்தகைய வலி வந்தால், பெருந்தமனியையும் ஐயுற வேண்டும். வெடித்தவர்களில் ஐந்தில் நால்வர் வரை உயிரிழக்கின்றனர். அவர்களுள் பலர் மருத்துவமனையை அடைவதே இல்லை.

## எப்போது சீரமைப்பது?

கண்டறியப்பட்ட எல்லா வீக்கங்களுக்கும் உடனே சிகிச்சை தேவைப்படுவதில்லை. சிறிய வீக்கம் வெடிக்கும் வாய்ப்பை விட, சிகிச்சையின் இடரே கூடுதலாக இருக்கலாம். பிரித்தானியாவில் 1,090 நோயாளிகளிடமும், அமெரிக்காவில் 1,136 நோயாளிகளிடமும் நடந்த இரு ஆய்வுகள் 5.5 செ.மீ. ஐ எட்டாத வீக்கங்களை ஆராய்ந்தன. உடனே அறுவை செய்துகொண்டவர்கள், கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களை விட நெடுநாள் வாழவில்லை என்பது இவற்றின் முடிவு ஆகும். இவற்றின் அடிப்படையில் இன்று பின்வரும் நிலைகளில் சீரமைப்பு பரிந்துரைக்கப்படுகின்றது:

* வயிற்று வீக்கம் ஆண்களுக்கு 5.5 செ.மீ., பெண்களுக்கு 5.0 செ.மீ. அளவை எட்டும்போது
* ஓராண்டில் 1 செ.மீ. க்கு மேல் வளரும்போது
* அளவு எதுவாயினும், வீக்கத்தால் வலி தோன்றும்போது
* வெடித்துவிட்டபோது (உடனடியாக)

இவ்வெல்லைக்குக் கீழ் உள்ளவர்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் மீயொலிச் சோதனை செய்துகொள்ள வேண்டும். புகைப்பதை நிறுத்துவதும் குருதி அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும் இன்றியமையாதன. வளர்ச்சியை நிறுத்தும் மருந்து எதுவும் இதுவரை நிறுவப்படவில்லை. சிப்ரோபிளாக்சசின் வகையைச் சேர்ந்த நுண்ணுயிர்க்கொல்லிகளை, வேறு மாற்று இருக்கும்போது இந்நோயாளிகளுக்குத் தர வேண்டாம் என அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2018 டிசம்பரில் எச்சரித்தது. ஆகவே தமக்கு வீக்கம் இருப்பதை நோயாளி எந்த மருத்துவரிடமும் சொல்லுதல் நலம்.

## திறந்த அறுவைச் சிகிச்சை

நோயாளிக்கு முழு மயக்கம் தரப்பட்டு, வயிற்றின் நடுவே நீண்ட கீறல் இடப்படுகின்றது. குடல்களை ஒருபுறம் ஒதுக்கிப் பெருந்தமனி வெளிக்கொணரப்படுகின்றது. குருதி உறையாதிருக்க எப்பாரின் செலுத்தப்பட்டு, புடைப்பின் மேலும் கீழும் இடுக்கிகள் இடப்படுகின்றன. பின்னர் புடைப்பைத் திறந்து, உள்ளே படிந்துள்ள உறைகட்டியை நீக்குவர். முதுகெலும்புப் பக்கமிருந்து வரும் சிறு தமனிகள் தைத்து அடைக்கப்படுகின்றன. டேக்ரான் எனப்படும் பாலியெசுத்தர் இழையால் ஆன குழாய், நலமான பகுதிகளுக்கு இடையே தைக்கப்படுகின்றது. வீக்கம் கால் தமனிகள் வரை பரவியிருந்தால் இரு கிளைகள் உள்ள குழாய் பயன்படும். இறுதியில் பழைய புடைப்பின் சுவரையே குழாயின் மேல் போர்த்தித் தைக்கின்றனர். செயற்கைக் குழாய் குடலில் நேரடியாக உரசாமல் இருக்கவே இவ்வாறு செய்யப்படுகின்றது.

இடுக்கி இடப்பட்டிருக்கும் நேரம் முழுவதும் இதயம் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டும். எனவே மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரல் தொற்று, பெருங்குடலுக்குக் குருதி குறைதல் ஆகியவை முதன்மையான சிக்கல்கள் ஆகும். பின்னாளில் கீறல் வழியே குடலிறக்கம் ஏற்படலாம். மருத்துவமனையில் ஒரு வாரமோ அதற்கு மேலோ தங்க நேரும். முழு உடல்நலம் திரும்ப இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். எனினும், தைத்த குழாய் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நிலைக்கின்றது.

## குருதிக்குழாய்வழிச் சீரமைப்பு

இம்முறையில் பயன்படும் கருவி ஸ்டென்ட் கிராப்ட் எனப்படுகின்றது. இது துணிக்குழாயும் அதனைத் தாங்கும் உலோகச் சட்டமும் சேர்ந்தது. சட்டம் பெரும்பாலும் நிட்டினால் எனும் நிக்கல்–டைட்டானிய உலோகக் கலவையால் ஆனது. குறுக்கி மெல்லிய உறைக்குள் அடைத்த பின்னும், உறையை நீக்கியதும் தன் பழைய வடிவத்திற்குத் திரும்புவது இவ்வுலோகத்தின் இயல்பாகும்.

முதலில் கணினிவழி ஊடுகதிர் வருடல் (சி.டி. ஸ்கேன்) மூலம் பெருந்தமனியின் அளவுகள் துல்லியமாக எடுக்கப்படுகின்றன. பின்னர் தொடைத் தமனிகளில் துளையிட்டு மெல்லிய கம்பியும், அதன் மேல் கருவியும் செலுத்தப்படுகின்றன. ஊடுகதிர்த் திரையில் பார்த்தவாறே, சிறுநீரகத் தமனிகளுக்குச் சற்றுக் கீழே கருவி விரிக்கப்படுகின்றது. மற்றொரு காலின் வழியாக இரண்டாவது கிளை இணைக்கப்படுகின்றது. இறுதியில் சாயம் செலுத்திக் கசிவு உள்ளதா எனப் பார்ப்பர். குருதி இப்போது புதிய குழாயின் உள்ளே மட்டும் ஓடுகின்றது. புடைப்பு அகற்றப்படுவதில்லை, அழுத்தத்திலிருந்து விடுவிக்கப்படுகின்றது. பல நேரங்களில் முழு மயக்கமும் தேவைப்படுவதில்லை. நோயாளி ஓரிரு நாட்களிலேயே வீடு திரும்பலாம்.

### உடற்கூற்றுப் பொருத்தம்

சிறுநீரகத் தமனிகளுக்கும் புடைப்பின் தொடக்கத்திற்கும் இடையே உள்ள நலமான பகுதி 'கழுத்து' எனப்படும். கருவி பற்றிக்கொள்ளும் இடம் இதுவே. கழுத்து 10 முதல் 15 மி.மீ. நீளமாவது இருக்க வேண்டும். மிகுதியாக வளைந்திருக்கக் கூடாது. தொடை, இடுப்புத் தமனிகள் கருவி செல்லும் அளவுக்கு அகலமாக இருத்தலும் வேண்டும். கழுத்து இல்லாதவர்களுக்குச் சிறுநீரகத் தமனிகளுக்கென வாயில்களோ கிளைகளோ அமைந்த சிறப்புக் கருவிகள் உள்ளன. இவை விலை மிகுந்தவை, செய்முறையும் கடினமானது.

### உட்கசிவு

கருவிக்கு வெளியே, புடைப்பின் உள்ளே குருதி மீண்டும் புகுவது உட்கசிவு எனப்படுகின்றது. இதன் முதன்மை வகைகள்:

* முதல் வகை: கருவியின் நுனிகள் சுவருடன் சரியாக ஒட்டாமையால் ஏற்படுவது. உடனே சரிசெய்ய வேண்டும்.
* இரண்டாம் வகை: புடைப்பிலிருந்து பிரியும் சிறு தமனிகள் வழியே குருதி பின்னோக்கி வருவது. இதுவே மிகப் பரவலானது. பல வேளைகளில் தானாக அடங்கும்.
* மூன்றாம் வகை: கருவியின் இணைப்புகள் விலகுவதாலோ துணி கிழிவதாலோ ஏற்படுவது. இதுவும் உடனே சரிசெய்யப்பட வேண்டியது.

உட்கசிவு பெரும்பாலும் நோயாளிக்கு எந்த வலியையும் தருவதில்லை. எனவே சீரமைப்புக்குப் பின் முதல் மாதத்திலும் ஓராண்டு முடிவிலும், அதன் பின் ஆண்டுதோறும் வருடல் சோதனை வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுகின்றது. இக்கண்காணிப்பு வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியது.

## இரு முறைகளின் ஒப்பீடு

பிரித்தானியாவில் 1999 இல் தொடங்கிய 'ஈவார் 1' ஆய்வில் 1,252 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். முதல் 30 நாட்களில் இறந்தோர் குருதிக்குழாய்வழிச் சீரமைப்பில் 1.8 விழுக்காடு, திறந்த அறுவையில் 4.3 விழுக்காடு. ஆயினும் இம்மேம்பாடு சில ஆண்டுகளில் மறைந்தது. 15 ஆண்டுக் கண்காணிப்பின் முடிவுகள் 2016 இல் வெளியாயின. எட்டு ஆண்டுகளுக்குப் பின் நிலைமை தலைகீழாகி, திறந்த அறுவை செய்துகொண்டவர்களிடமே இறப்பு குறைவாக இருந்தது. மற்றப் பிரிவினரிடம் சீரமைத்த புடைப்பு மீண்டும் வெடித்தது இதற்கு ஒரு முதன்மைக் காரணம் ஆகும். அமெரிக்காவில் 881 முன்னாள் படைவீரர்களிடம் நடந்த 'ஓவர்' ஆய்விலோ, நீண்டகால உயிர்வாழ்வில் இரு முறைகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

வெடித்துவிட்ட வீக்கங்களை ஆராய்ந்த 'இம்ப்ரூவ்' ஆய்வில் 613 பேர் சேர்க்கப்பட்டனர். 30 நாள் இறப்பு இரு பிரிவிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தது (35.4, 37.4 விழுக்காடு). வெடித்த பின் எம்முறையைக் கையாண்டாலும் இழப்பு பெரிதே. வெடிக்கும் முன் கண்டறிவதே உயிர் காப்பது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

மருத்துவ வழிகாட்டுதல்களும் இதில் ஒன்றுபடவில்லை. பிரித்தானியாவின் 2020 வழிகாட்டுதல், வெடிக்காத வீக்கத்திற்கு உடல் தாங்கக்கூடியவர்களிடம் திறந்த அறுவைக்கு முன்னுரிமை தந்தது. ஐரோப்பிய வழிகாட்டுதல், உடற்கூறு பொருந்துவோரில் பெரும்பாலோருக்குக் குருதிக்குழாய்வழி முறையையும், நீண்ட ஆயுள் எதிர்பார்க்கப்படுவோருக்குத் திறந்த அறுவையையும் முன்வைக்கின்றது. பொதுவாக, வயதில் இளையவர், நல்ல உடல்நிலை உள்ளவர், ஆண்டுதோறும் சோதனைக்கு வர இயலாதவர் ஆகியோருக்குத் திறந்த அறுவை பொருந்தும் எனலாம். முதியோருக்கும் இதய, நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் மற்ற முறை பொருந்தக்கூடும்.

## வரலாறு

கி.பி. 2 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க அறுவை மருத்துவர் ஆண்டில்லசு, புடைத்த தமனியின் இருபுறமும் கட்டி, நடுவே திறக்கும் முறையைக் கையாண்டார். பெருந்தமனியில் இது இயலாததாகவே இருந்தது. 1817 இல் இலண்டனில் ஆசுட்லி கூப்பர் பெருந்தமனியையே கட்டிப் பார்த்தார், நோயாளி பிழைக்கவில்லை.

இயற்பியலாளர் ஆல்பர்ட் ஐன்சுடைனுக்கு 1948 இல் ருடால்ஃப் நிசன் அறுவை செய்தார். மாற்றுக் குழாய் இல்லாத அக்காலத்தில், புடைப்பைச் சுற்றிச் செல்லோபேன் தாள் போர்த்தப்பட்டது. அது தழும்பை உண்டாக்கிச் சுவரை வலுவாக்கும் என்பது எதிர்பார்ப்பு. 1955 ஏப்ரலில் புடைப்பு வெடித்தபோது ஐன்சுடைன் மறு அறுவையை மறுத்து, ஏப்ரல் 18 அன்று காலமானார்.

இதற்கிடையே 1951 இல் பாரிசில் சார்ல் டுபோசுட்டு, இறந்தவர் ஒருவரின் தமனியைக் கொண்டு வயிற்றுப் பெருந்தமனியை மாற்றிப் பொருத்தினார். 1952 இல் ஆர்தர் வூரீசு வின்யான் துணியாலான குழாயைப் பயன்படுத்தியதை அறிவித்தார். ஊசுட்டனைச் சேர்ந்த மைக்கேல் டிபேக்கி, கடையில் நைலான் கிடைக்காமையால் டேக்ரான் துணியை வாங்கிவந்து, தம் மனைவியின் தையல் இயந்திரத்திலேயே குழாய் தைத்ததாகக் கூறியுள்ளார். அதே டிபேக்கிக்கு 97 ஆவது வயதில் பெருந்தமனிச் சுவர் பிளவுபட்டு, 2006 பிப்ரவரியில் அறுவை நடந்தது. அவர் பிழைத்து 2008 வரை வாழ்ந்தார்.

1987 இல் உக்ரைனின் கார்கிவ் நகரில் நிக்கலாய் வோலோடசு நெஞ்சுப் பெருந்தமனியில் முதன்முதலாக ஸ்டென்ட் கிராப்ட் பொருத்தினார். 1990 இல் புவெனசு ஐரிசில் உவான் பரோடி வயிற்றுப் பெருந்தமனியில் இதனைச் செய்து, மறு ஆண்டு வெளியிட்டார். அமெரிக்காவில் இக்கருவிகளுக்கு 1999 இல் ஒப்புதல் கிடைத்தது.

## தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் பொதுமக்களிடையே இந்நோய் பெரிதும் பேசப்பட்டது 2024 இல் ஆகும். நடிகர் இரசினிகாந்து 2024 செப்டம்பர் 30 அன்று சென்னை கிரீம்சு சாலையில் உள்ள அப்பல்லோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இதயத்திலிருந்து வெளிச்செல்லும் முதன்மைக் குருதிக்குழாயில் வீக்கம் இருந்ததாகவும், அறுவையின்றிச் செருகுகுழாய் வழியாக ஸ்டென்ட் பொருத்தி அது முழுமையாக அடைக்கப்பட்டதாகவும் மருத்துவமனை அறிவித்தது. இதய மருத்துவர் சாய் சதீசு இதனைச் செய்தார். அப்போது 73 வயதினரான அவர் சில நாட்களில் வீடு திரும்பினார்.

பெருநகருக்கு வெளியே நிலைமை வேறு. தருமபுரி மாவட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இங்கு அரசு மருத்துவக் கல்லூரி 2008 இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்திச் சேவையும் தொடங்கியது. வயிற்று வீக்கத்தைக் கண்டறிய மீயொலிச் சோதனையே போதுமானது என்பதால், கண்டறிதல் மாவட்ட அளவிலேயே இயலும். சீரமைப்புக்கு இரத்தநாள அறுவை வல்லுநர், ஊடுகதிர் வசதியுள்ள அறுவையரங்கு, குருதி வங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகிய அனைத்தும் ஓரிடத்தில் வேண்டும். சென்னை இராசீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆகியவற்றில் இரத்தநாள அறுவைக்கெனத் தனித் துறைகள் உள்ளன. தருமபுரியிலிருந்து சென்னை ஏறத்தாழ 300 கி.மீ., வேலூர் ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவில் உள்ளன. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களில் உள்ளவர்கள் முதலில் சமவெளிக்கே இறங்கி வர வேண்டும். வெடித்த வீக்கத்துடன் இத்தொலைவைக் கடப்பது அரிது. 5 செ.மீ. அளவில் கண்டறியப்பட்டவரோ, நாள் குறித்துப் பேருந்திலேயே சென்று வரலாம்.

தொலைவு சிகிச்சை முறையின் தேர்வையும் பாதிக்கின்றது. குருதிக்குழாய்வழிச் சீரமைப்பு செய்துகொண்டவர் ஆண்டுதோறும் சோதனைக்குச் செல்ல வேண்டும். பயணச் செலவு, கூலி இழப்பு, துணைக்கு ஆள் இன்மை ஆகியவற்றால் இது தடைப்பட்டால், உட்கசிவு அறியப்படாமலேயே போகக்கூடும். எனவே இதனை மருத்துவரிடம் முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசுதல் வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, கருவியின் விலையால் குருதிக்குழாய்வழி முறையே கூடுதலாகின்றது. 2012 சனவரியில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இரத்தநாள அறுவைகளையும் உள்ளடக்கியது. குறிப்பிட்ட சிகிச்சைக்கும் கருவிக்கும் ஒப்புதல் உண்டா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டறிய வேண்டும்.

## முன்கண்டறிதல்

பிரித்தானியாவில் 65 முதல் 74 வயது வரையிலான 67,800 ஆண்களிடம் நடந்த ஆய்வில், மீயொலிச் சோதனைக்கு அழைக்கப்பட்ட பிரிவில் இந்நோயால் ஏற்படும் இறப்பு நான்கு ஆண்டுகளில் 42 விழுக்காடு குறைந்தது. இதன் பின் இங்கிலாந்தில் 65 வயதாகும் ஆண்கள் அனைவருக்கும் ஒரு முறை சோதனை செய்யும் திட்டம் 2009 இல் தொடங்கி, 2013 இல் நாடு முழுதும் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில், எப்போதேனும் புகைத்த 65–75 வயது ஆண்களுக்கு ஒரு முறை சோதனை பரிந்துரைக்கப்படுகின்றது.

இந்தியாவில் இத்தகைய தேசியத் திட்டம் இல்லை. எனினும் சோதனை எளியது, வலியற்றது, சில நிமிடங்களில் முடிவது. 65 வயதைக் கடந்த, புகைப்பழக்கம் உள்ள அல்லது இருந்த ஆண்களும், குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்களும், வேறு காரணத்திற்காக வயிற்று மீயொலிச் சோதனை செய்ய நேரும்போது, பெருந்தமனியின் விட்டத்தையும் அளந்து அறிக்கையில் குறிக்குமாறு கேட்கலாம்.

## இவற்றையும் பார்க்க

* பெருந்தமனி
* தமனித் தடிப்பு
* உயர் குருதி அழுத்தம்
* தக்கயாசு நோய்
* மார்பன் நோய்த்தொகை